படத்தில் நான் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பதன் காரணம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நம்மூர்ப் படிப்பகத்தின் ஆண்டு மலருக்கு அயல்நாடுகளில் வாழ்வோர் தம் அனுபவங்களை எழுதியனுப்பலாம் என்ற அறிவிப்பை, என் தமக்கையின் மகன் தன் கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருந்தான். அதே கடிதத்தில் மற்றொரு செய்தியும் இருந்தது. சென்ற தை மாதம் நடந்த என் மகள் மலர்விழியின் திருமணப் படமொன்றை ஊருக்கு அனுப்பியிருந்தேன். தாரை வார்க்கும் வேளையில் எடுத்த படம். அதைப் பற்றி அவன் இவ்வாறு எழுதியிருந்தான்:

"மாமா, படத்தை எல்லாரும் பாத்தாக. பொண்ணும் மாப்பிள்ளையும் லட்சணமா இருக்காக. ஒங்க மொகத்துலதான் களையே இல்ல. குனிஞ்சு மடியவே பாத்துக்கிட்டு இருக்கீக. சம்பந்தம் புடிக்கலையோன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாக."

பெட்டியிலிருந்து என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் கூறுவது மெய்தான். புரோகிதர் செம்பைப் பார்க்கிறார். என் துணைவியார் தாம் ஊற்றும் நீரைப் பார்க்கிறார். நான் ஒருவன் மட்டும், வீட்டில் திருடன் புகுந்துவிட்டானோ என்று ஐயுறுபவனைப் போல் என் மடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயுற்றது உண்மை. ஆனால் நான் ஐயுற்றது மணமகனை அன்று. யாரை, எதை என்பதை எழுதினால் சபை நாகரிகம் கெடும் என்று ஒரு வாரம் தயங்கினேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். இத்தகைய செய்தியை எந்தத் தமிழ் ஏட்டிலும் நான் படித்ததில்லை. படித்திருந்தால் பல ஆண்டுத் துன்பத்தில் பாதியாவது குறைந்திருக்கும். ஆகவே எழுதுகிறேன்.

1

எங்கள் குடும்பத்தாருக்குத் தண்ணீர் விஷயத்தில் எவர்மீதும் நம்பிக்கை கிடையாது. நம்மூர்க் கண்மாயின் கடைமடையில் இருந்தது என் தகப்பனாரின் நிலம். மடை திறப்பவர் நேரத்துக்கு முன்பே அடைத்துவிடுகிறார் என்பது அவருடைய வாழ்நாள் ஐயம். அவ்வையத்தையும் பத்து வயதுச் சிறுவனான என்னையும் அழைத்துக்கொண்டுதான் அவர் கப்பலேறினார்.

மலாக்காவில், செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என்னிடம், இருபத்திரண்டாம் வயதில் பம்பு வீட்டை ஒப்படைத்தார்கள். ஆற்றிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கும் தண்ணீர் ஏற்றுவது என் பணி. முப்பத்து மூன்று ஆண்டுகள் அதைச் செய்தேன். தமிழ் எழுத்தை நன்றாகக் கற்றுக்கொண்டதும், எஞ்சின் ஓடும் நேரத்தில் அங்கே அமர்ந்து பழைய செய்தித்தாள்களைப் படித்துத்தான்.

எனக்குமுன் அங்கு வேலை பார்த்த பெரியவர் விடைபெறும்போது ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். "தம்பி, வால்வ மூடிட்டேன்னு நம்பி வீட்டுக்குப் போவாத. போறதுக்கு முன்னாடி ஒரு சுத்து கூட இறுக்கிட்டுப் போ." அவ்வாறே செய்தேன். ஒருநாள் மறந்தேன். தொட்டி இரவெல்லாம் ஒழுகி வெறுமையாயிற்று. விடியற்காலையில் வாளியோடு நின்ற பெண்கள் என் பாட்டன் முப்பாட்டன்மார் அனைவரையும் நலம் விசாரித்தார்கள். திறந்தது தானாக மூடாது, மூட ஒரு கை வேண்டும் என்பதை அன்று நெஞ்சில் எழுதிக்கொண்டேன். அந்த எழுத்தே பின்னாளில் எனக்குப் பகையாயிற்று.

2

டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்கா முழுவதும் லாரியில் தண்ணீர் கொடுத்த ஆண்டை இங்குள்ளவர்கள் மறக்கமாட்டார்கள். அந்த ஆண்டில்தான் எனக்கு முதல் அறுவை நடந்தது. மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு உள்ள சுரப்பியில் புற்று இருப்பதாகக் கூறி, அதை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. ஆனால் சிறுநீரை அடக்கும் ஆற்றல் போய்விட்டது. எழுந்தால் ஒழுகும், இருமினால் ஒழுகும். எங்கேனும் குழாய் திறக்கும் ஓசை கேட்டாலே ஒழுகும்.

பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொண்டேன். நாளொன்றுக்கு எட்டுத் துணி. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் அவற்றை அலசியாக வேண்டும். நாங்கள் அப்போது டுரியான் துங்காலில், தாமான் எனப்படும் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். லாரி வந்ததும் ஓடிப்போய் வரிசையில் நின்ற என் துணைவியாரை அண்டை வீட்டார் ஐயத்தோடு பார்த்தார்கள். இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்கு எதற்கு இத்தனை வாளி என்று ஒரு சீன மூதாட்டி கேட்டே விட்டார். "பூச்செடிக்கு" என்றார் என் துணைவியார். எங்கள் வீட்டில் பூச்செடி கிடையாது.

அதன்பின் எவரைக் கண்டாலும் எனக்கு ஐயம். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறிடம் போனால், நாற்றம் தெரிந்துவிட்டதோ என்று எண்ணுவேன். கோப்பிக் கடையில் இருவர் சிரித்தால், என் நாற்காலியைப் பார்த்துத்தானோ என்று திரும்பிப் பார்ப்பேன். கோவிலுக்குப் போவதை அறவே விட்டேன். ஈரத்தோடு சந்நிதியில் நிற்பது அபசாரம் அல்லவா? நிர்வாகத்தோடு மனத்தாங்கல் என்று ஊரார் தாமாகவே ஒரு காரணம் கட்டிக்கொண்டார்கள். அது மெய்க்காரணத்தைவிடக் கௌரவமாக இருந்ததால் நான் மறுக்கவில்லை. மகள் மலர்விழி அப்போது பினாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தாள். அவளிடம் 'கல் அடைப்பு' என்று கூறிவைத்தோம்.

3

மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன. கோலாலம்பூரில் இருக்கும் என் மகன், அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் இதற்கு வழி உண்டு என்று கூறி எங்களிருவரையும் அழைத்துச் சென்றான்.

பதிவுச் சாளரத்தில் இருந்த மலாய்ப் பெண், குடியுரிமை இல்லாதோருக்கான என் சிவப்பு அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாக்சிக் இங்கே வந்து எவ்வளவு காலம்?" என்று மலாயில் கேட்டார்; பாக்சிக் என்றால் மாமா. "நீ பிறப்பதற்கு முன்பு" என்றேன். "அப்படியானால் ஏன் இன்னும் சிவப்பு?" என்றார். குடியுரிமைக்கு இருமுறை விண்ணப்பித்தேன் என்பதையும், நான் பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள் என்பதையும் அவருக்கு எவ்வாறு விளக்குவது? பிறந்ததற்கு நானே சான்றாக நேரில் நின்றும் அவர்கள் நம்பவில்லை. என்னை நம்பாத தாள்களை நான் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

உள்ளே ஒரு தமிழ்த் தாதியார், இங்கே மிஸ்ஸி என்பார்கள், என்ன தொல்லை என்று கேட்டார். பேருந்தில் வரும்போதே உருவாக்கி வைத்திருந்த வாக்கியத்தைக் கூறினேன். "அம்மா, எனக்குச் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குன்றியுள்ளது."

அவர் பேனாவை நிறுத்தினார். "என்னா தாத்தா, மேடையில பேசுற மாதிரி பேசுறீங்க! ஒண்ணுக்கு தானா போவுதா? அப்படிச் சொல்லுங்க லா."

மருத்துவர் இளம் சீனர். மேசைமேல் ஒரு கருவியை வைத்தார். சிறுநீர்க் குழாயைச் சுற்றிக் கட்டும் ஒரு வளையம், அடிவயிற்றில் வைக்கும் சிறு பந்து, விதைப்பைக்குள் வைக்கும் விரல்நுனி அளவுப் பம்பு. மூன்றையும் மெல்லிய குழாய்கள் இணைத்தன. உள்ளே நீர். வளையத்தில் நீர் நிறைந்திருக்கும்வரை குழாய் இறுகியிருக்கும். பம்பை அமுக்கினால் அந்நீர் பந்துக்குப் போய்விடும். வளையம் தளரும், சிறுநீர் வெளியேறும்.

மருத்துவரும் என் மகனும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார்கள். பிறகு மகன் என் பக்கம் திரும்பி, "அப்பா, சின்ன மெஷின் ஒண்ணு உள்ள வெப்பாங்க. நல்லதுன்னு சொல்றாரு" என்றான்.

"இதத்தான் அரை மணி நேரமா சொன்னாரா?"

"மத்ததெல்லாம் டெக்னிக்கல் லா பா."

டெக்னிக்கல் செய்திகளைக் கேட்பதற்கே தகுதியுள்ள ஒருவன் அந்த அறையில் இருந்தான் என்றால் அது நான்தான். கருவியைக் கையிலெடுத்து முகர்ந்தேன், இழுத்துப் பார்த்தேன். மரத்துப் பாலில் செய்ததன்று. "எத்தனை காலம் தாங்கும்?" என்று கேட்கச் சொன்னேன். பல ஆண்டுகள் தாங்கும், ஆனால் பழுதானால் மாற்ற நேரலாம், புண்ணில் சீழ் வைத்தால் எடுத்துவிடவும் நேரலாம் என்று மருத்துவர் மறைக்காமல் கூறினார். அந்நேர்மையே என் ஐயத்தை வளர்த்தது. தன் சரக்கின் குறையைத் தானே கூறும் வியாபாரியை நான் கண்டதில்லை. மூன்று தாள்களில் கையொப்பம் கேட்டார்கள். ஆங்கிலத் தாளில் தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, அவர்கள் காத்திருக்கட்டும் என்று மெதுவாக இட்டேன்.

அறுவை முடிந்தது. ஒழுகுவது நிற்கவில்லை. புண் ஆறும்வரை, ஆறு வாரம், கருவியைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்றார்கள். எஞ்சின் விற்பவன், வாங்குபவன் கண்ணெதிரே ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் போவான். இவர்களோ ஆறு வாரம் கழித்து வா என்கிறார்கள். உள்ளே ஒன்றும் வைக்காமலே தைத்து அனுப்பிவிட்டார்களோ என்று கூட எண்ணினேன்.

ஆறு வாரம் கழித்துப் போனபோது மருத்துவர் பம்பை ஒருமுறை அழுத்திப் பூட்டைத் திறந்தார். மிஸ்ஸி எனக்கும் என் துணைவியாருக்கும் பயன்படுத்தும் முறையை விளக்கினார்.

"அமுக்குங்க, ஒண்ணுக்குப் போங்க, அப்புறம் அத மறந்துடுங்க தாத்தா. மூணு நிமிஷத்துல தானா மூடிக்கும்."

"தானாகவா? மூடுவது யார்?"

"யாரும் இல்ல தாத்தா. அது வேலைய அது பாத்துக்கும்."

பம்பு வீட்டில் என்கீழ் வேலை பார்த்தவன் எவனாவது இவ்வாறு கூறியிருந்தால் அன்றே வேலையை விட்டு நீக்கச் சொல்லியிருப்பேன். எனினும் மருத்துவமனையில் இருந்தவரை ஒரு துளி கசியவில்லை. பேருந்திலும் கசியவில்லை. அலோர் காஜா நெருங்கும்போதுதான் எனக்குள் அந்தப் பழைய பெரியவர் விழித்துக்கொண்டார். நம்பாதே, ஒரு சுற்று கூட இறுக்கு. சட்டைப்பையில் எதையோ தேடுபவன்போல் குனிந்து, வேட்டியின் மேலாகவே பம்பை இரண்டு அமுக்கு அமுக்கி இறுக்கினேன். வீடு வந்து சேர்வதற்குள் நனைந்துவிட்டேன்.

மறுநாள் நான்கு அமுக்கு. முன்னினும் மிகுதியாக நனைந்தேன். எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகுகிறது. ஏமாற்றம் என்று முடிவு கட்டினேன். மருத்துவமனையில் ஒழுகாததற்கு ஏதோ சூட்சுமம் செய்திருக்கிறார்கள், மகனும் அதற்கு உடந்தை. எவரிடமும் கூறவில்லை. மீண்டும் துணி கட்டிக்கொண்டேன்.

4

இந்நிலையில் மலர்விழி பினாங்கிலிருந்து திரும்பி வந்து, தான் விரும்பும் ஒருவரைப் பற்றிக் கூறினாள். பெயர் சந்திரன். கோலா சுங்கை பாருவில் மீன் வியாபாரம் செய்பவரின் மகன். அணைக்கட்டை ஒட்டிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. நம் வகுப்பினர் அல்லர். அதில் எனக்குத் தடையில்லை. லயத்தில் நாற்பது குடும்பம் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்தோம், அதை ஏற்றியவன் நான். சம்மதம் என்றேன். நாளும் குறித்தாயிற்று.

அதன் பிறகே ஒன்று நினைவுக்கு வந்தது. மணவறையில் பெண்ணின் தாய்தந்தையர் புதுத்துணி உடுத்தி அமர வேண்டும். தந்தை பெண்ணின் கையை மணமகன் கையில் வைக்க, தாய் செம்பிலிருந்து நீரை ஊற்றித் தாரை வார்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் எழ முடியாது. எதிரே அக்கினி, சுற்றிலும் முந்நூறு பேர், மேலும் காதருகில் நீர் ஊற்றும் ஓசை. மஞ்சள் தோய்த்த வேட்டியில் ஈரம் பரவினால் எப்படித் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

"மணவறையில் உன் தாய்மாமனும் மாமியும் உட்காரட்டும்" என்று மகளிடம் கூறினேன்.

அவள் கையிலிருந்த அழைப்பிதழ் மாதிரியைக் கீழே வைத்தாள். "ஏன்?"

"எனக்கு உடம்பு தாளாது."

"காலையில மார்க்கெட்டுக்கு நடந்து போறீங்க. உக்கார மட்டும் தாளாதா?" அவள் குரல் உடைந்தது. "அப்பா, அவங்க ஜாதி பிடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. சரின்னு சொல்லிட்டு, கைய மட்டும் புடிச்சிக் கொடுக்கமாட்டேன்னா என்னா அர்த்தம்? அவங்க வீட்டு ஆளுங்க என்னா நெனைப்பாங்க?"

நான் கீழே இருந்த அழைப்பிதழ் மாதிரியை எடுத்து மடித்தேன்.

"நீங்க உக்காரலன்னா கல்யாணமே வேணாம். ரெண்டு பேரும் ஆபீஸ்ல போய் ரெஜிஸ்டர் பண்ணிக்கிறோம். அப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன், பாத்துக்குங்க."

கூறியதைச் செய்யும் பெண் அவள், என்னைப் போல. உண்மையை ஒரே வாக்கியத்தில் கூறியிருக்கலாம். மகளிடம் ஒரு தகப்பன் கூறக்கூடிய வாக்கியமா அது? இப்போது கேட்டால், கூறியிருக்கலாம் என்றே தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

5

ஐந்தாம் நாள் பிற்பகல் சந்திரன் தனியாக வந்தார். கையில் ஒரு பொட்டலம் கருவாடு. கொல்லைப் பக்கம் சுத்தியலோடு எதையோ தட்டிக்கொண்டிருந்த என்னெதிரே வந்து நின்றார்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். என்னைப் பிடிக்கலையா?"

"பிடிக்காமலா சம்மதித்தேன்?"

"அப்ப ஏன் உக்காரமாட்டேன்றீங்க?"

பேச்சை மாற்றுவதற்காக, "தண்ணி ஆபீசுல உமக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

"பம்பு, வால்வு, மீட்டரு. ஒழுகுனா என்னைத்தான் கூப்பிடுவாங்க."

ஒழுகுவதைக் கண்டறியும் ஒருவர் எதிரில் நிற்கிறார். முப்பத்து மூன்று ஆண்டுகள் அதே தொழில் செய்தவன் நான். என்னையறியாமல் வாய் திறந்துகொண்டது.

"பழைய பம்பு ஒண்ணு. சின்னது. கைப்பிடி கிடையாது, அமுக்கினா தொறக்குது. வேலை முடிஞ்சதும் நல்லா இறுக்கித்தான் வைக்கிறேன். ஆனாலும் ஒழுகுது."

"எதால இறுக்குறீங்க?"

"அதே பம்பாலதான். இன்னும் ரெண்டு அமுக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடடே மாமா! நீங்க மூடல. திரும்பத் தொறக்குறீங்க."

"எப்படி?"

"பெட்ரோல் ஸ்டேஷன் கக்கூஸ்ல, தலையில அமுக்குனா ஊத்துற பைப்பு இருக்குல்ல? அத மூடுறதுக்கு மறுபடி தலையில அடிப்பீங்களா?"

"அடிப்பேன்."

"அதான் சட்டையெல்லாம் நனையுது!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது தானா மூடுற சாமான் மாமா. தொடாம விட்டா மூடிக்கும். எங்க இருக்கு அந்தப் பம்பு? நான் வந்து பாக்கட்டா?"

"வேண்டாம், வேண்டாம். தோட்டத்தில் இருக்கிறது."

"எந்தத் தோட்டம்?"

"செலண்டார்."

"அந்தப் பம்பு வீட்டத்தான் எண்ணெய்ச் செம்பனை நடறதுக்குப் போன வருஷமே இடிச்சிட்டாங்களே மாமா."

நான் சுத்தியலைப் பார்த்தேன். அவர் கருவாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு, சிரிப்பு இல்லாத குரலில், "எங்க இருந்தா என்னா. இன்னொரு வாட்டி அமுக்காதீங்க. மூணு நிமிஷம் பொறுத்துட்டு எந்திரிச்சா போதும்" என்று கூறிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சென்ற பிறகுதான் பொறி தட்டியது. மூன்று நிமிடம் என்று நான் கூறவேயில்லை.

நேரே அடுக்களைக்குப் போனேன். "அந்தப் பையனிடம் யார் என்ன சொன்னது?"

என் துணைவியார் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "எனக்கு என்னங்க தெரியும்? பம்பப் பத்தியெல்லாம் ஆம்பளைங்க பேசிக்கிறது."

மூன்றாண்டுகள் எட்டெட்டுத் துணியாக அலசியவர் அவர். மிஸ்ஸி கூறியதை என் பக்கத்தில் நின்று கேட்டவரும் அவரே. நான் இறுக்குவதைக் கண்டிருப்பாரா? கண்டிருந்தால் ஏன் என்னிடம் கூறவில்லை? இக்கேள்வியை எழுதும்போதே விடையும் தெரிகிறது. அவர் கூறியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன். பம்பு வீட்டுக்காரன் இன்னொரு பம்புக்காரன் சொன்னால்தான் கேட்பான்.

மறுநாள் முழுவதும் வலது கையைத் தொடையின்கீழ் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு துளி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் மகளிடம், "மணவறையில் நானே உட்காருகிறேன்" என்றேன்.

"அவரு வந்து கெஞ்சினாரா?"

"இல்லை. பம்பு சரியாகிவிட்டது."

அவள் தன் தாயைப் பார்த்தாள். தாய் அடுப்பைப் பார்த்தார்.

6

திருமணத்தன்று, மணவறைக்குப் போகுமுன் கழிவறைக்குச் சென்று அமுக்கினேன். முடித்து வேட்டியைச் சரிசெய்வதற்குள் வெளியே குரல். "பொண்ணோட அப்பா எங்கப்பா? நேரமாவுது!" யாரோ கதவைத் தட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வளையம் இன்னும் மூடியிருக்காது. உட்கார்ந்தால் முடிந்தது. இறுக்கவும் கூடாது. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அப்போது மணமகன் தம் தலைப்பாகையைக் கழற்றினார்.

"ஐயரே, ரொம்ப இறுக்குது. திருப்பிக் கட்டணும்."

"இப்பவா?" என்றார் புரோகிதர்.

"இப்பத்தான்."

நண்பர் இருவர் வந்து பிரித்துக் கட்டினார்கள். சரியில்லை என்று மறுபடியும் பிரிக்கச் சொன்னார். நாகசுரக்காரர் இன்னொரு கீர்த்தனை தொடங்கினார். மாப்பிள்ளைக்கு இன்னும் கண்ணாடி வேண்டுமோ என்று பெண்கள் கேலி பேசினார்கள். அவர் பெண்ணையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆச்சு. உக்காருங்க மாமா" என்றார்.

உட்கார்ந்தேன். மகளின் கையை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவள் கை குளிர்ந்திருந்தது. என் துணைவியார் செம்பைச் சாய்த்தார். எங்கள் மூவர் கைகள்மீதும் நீர் விழுந்து தாம்பாளத்தில் ஓடிற்று. அவ்வோசை கேட்டதும், பல ஆண்டுப் பழக்கத்தால் என் கண்கள் மடிக்குப் போயின. அந்தக் கணத்தில்தான் படக்காரர் படமெடுத்தார்.

படத்தில் என் முகம் அப்படி இருப்பதன் காரணம் இதுவே. உற்றுப் பார்த்தால் வேட்டியும் தெரியும். மஞ்சள் ஒரே நிறமாக, உலர்ந்து இருக்கிறது.

ஓராண்டு ஆகிறது. இன்றும் அந்த வளையத்தை நான் முழுதாக நம்பிவிடவில்லை. சட்டைப்பையில் மருத்துவமனை கொடுத்த அட்டை இருக்கிறது. நான் நினைவிழந்து கிடந்தால், கருவியைப் பூட்டாமல் சிறுநீர்க் குழாய்க்குள் எதையும் செலுத்தக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கிறது. அதைப் படிக்கக்கூடியவர் அந்நேரம் அருகில் இருப்பாரா என்பதும் ஐயமே. சந்திரன் ஞாயிறுதோறும் வருகிறார். இருவரும் அணையின் நீர்மட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை. அவரும் கூறியதில்லை.

மலரில் இதை வெளியிடுவதும் விடுவதும் தங்கள் விருப்பம். வெளியிடாவிட்டாலும் கிழித்துவிட வேண்டாம். அந்தப் படம் நம்மூரில் எந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறதோ, அந்த வீட்டிலேயே இத்தாள்களையும் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.